பத்து வீட்டுத் தண்ணீர்

ராசப்பன் வேலை பார்த்த கம்பெனி என்னதான் செய்கிறது என்பதை மோகனூரில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. சர்க்கார் உத்தியோகமா என்றால் இல்லை. தனியார் கம்பெனியா என்றால் ஆமாம், ஆனால் சர்க்காருக்கு மட்டும்தான் வேலை செய்யும். என்ன உற்பத்தி என்றால், அறிக்கை. ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டிருந்த அவனுடைய அப்பா மருதாசலம் ஒருநாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அப்ப சர்க்காருக்கே புத்தி சொல்ற கம்பெனின்னு சொல்லு. ஏஞ்சாமி, அவிங்க கேக்கறாங்களா?" என்றார். சுற்றி நின்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். ராசப்பனும் சிரித்து வைத்தான்.

அபிவிருத்தி அசோசியேட்ஸ் என்று பெயர். சேலத்தில் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில், கீழே சைக்கிள் கடை, மேலே கம்பெனி. நாலு மேசை, ஒரு டைப்ரைட்டர், தொட்டவன் கையைக் கறுப்பாக்கிவிடும் ஒரு சைக்ளோஸ்டைல் மெஷின். இந்த ஊரில் பால் பண்ணை வைக்கலாமா, அந்த ஓடைக்குப் பாலம் வேண்டுமா, மேச்சேரி ஆட்டுக்கு இன்னொரு சந்தை போட்டால் எடுபடுமா என்றெல்லாம் சர்க்கார் கேட்கும். இவர்கள் ஜீப்பில் போய்ப் பார்த்து, எண்ணி, கூட்டி, வகுத்து, நீல அட்டை போட்ட புத்தகமாகக் கொடுப்பார்கள். சர்க்கார் என்ன செய்ய நினைத்திருந்ததோ அதையே செய்யலாம் என்றுதான் பெரும்பாலும் அந்தப் புத்தகம் சொல்லும். புத்தகம் கனமாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். கனம் போதாவிட்டால் கடைசியில் நாலு வரைபடம் சேர்ப்பார்கள்.

மேனேஜர் வீரபாகு தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். டெல்லியில் படித்தவர், வெயிலிலும் ஷூவைக் கழற்றாதவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தன் முறை மீது அவருக்கு அப்படியொரு நம்பிக்கை, அவ்வளவுதான். "ஜனங்களைக் கேக்காதீங்க ராசப்பன். கேட்டா ஆத்தங்கரையில இருக்கிறவனும் தண்ணி இல்லைம்பான். கண்ணால பாருங்க, எண்ணுங்க, எழுதுங்க. எண்ணிக்கை பொய் சொல்லாது" என்பார்.

எண்பத்து மூன்றில் வந்தது அந்த வேலை. அந்த வருசம் மழை சுத்தமாகப் பொய்த்துப்போயிருந்தது. ஆற்றுத் தண்ணீரைக் குழாய் வழியே மேட்டு ஊர்களுக்குக் கொண்டுபோகச் சர்க்கார் திட்டம் போட்டது. கேட்ட ஊர்கள் முப்பத்தொன்று. திட்டத்தில் இடம் இருந்தது இருபத்திரண்டு ஊர்களுக்கு. எந்த இருபத்திரண்டு என்று பார்த்துச் சொல்வதுதான் கம்பெனியின் வேலை.

வீரபாகு அதற்கு ஒரு முறை வகுத்தார். காலை ஏழு மணிக்கு ஊருக்குள் போக வேண்டும். ஒரே தெருவில் வரிசையாகப் பத்து வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் நல்ல தண்ணீர் நிறைந்த குடங்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீர் என்று காட்டிவிடக் கூடாது என்பதற்காக, வீட்டுக்கு ஒரு வாய் குடித்தும் பார்க்க வேண்டும். குடம் குறைந்த ஊருக்கு முதல் இடம். எதற்கு எண்ணுகிறோம் என்பதை மட்டும் மூச்சு விடக் கூடாது, சொன்னால் குடத்தை ஒளித்துவிடுவார்கள். இருக்கிற குடத்தை ஒளிப்பார்கள் என்று யோசித்த அந்தப் படித்த மனிதருக்கு, இல்லாத குடத்தைக் காட்டுவார்கள் என்று தோன்றவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் வேறு சீமைக்காரர்.

ராசப்பனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஊர்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். கூட வேலை பார்த்த மணியனுக்குப் பதினைந்து, ராசப்பனுக்குப் பதினாறு. அந்தப் பதினாறில் கல்லாங்காட்டுப்புதூர் இருந்தது. அவனுடைய தங்கை வசந்தாமணியைச் சின்னுசாமிக்குக் கட்டிக்கொடுத்த ஊர். சொந்தக்காரர்கள் இருக்கும் ஊருக்குப் போகக் கூடாது, அப்படி யாரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ராசப்பன் இன்னும் நிரந்தரமாகாத ஆள். இந்தச் சீமையில் உறவு இல்லாத ஊர் எது, உண்மையைச் சொன்னால் வேலையே மணியனுக்குப் போய்விடும் என்று கையெழுத்துப் போட்டான். அவன் மனசில் கள்ளம் எதுவும் இல்லை, அப்போது. புதூரில் ஒரு சொட்டு நல்ல தண்ணீருக்கு வழியில்லை. பொய் ஒன்றும் எழுத வேண்டாம், இருக்கிறபடி எண்ணினாலே முதல் ஊராக வந்துவிடும். தங்கை வீட்டு வாசலுக்குக் குழாய் வரப்போவதை நினைத்து அவன் இரண்டு வாரம் சந்தோசமாகவே இருந்தான்.

புதூர் தண்ணீரைப் பற்றி அவனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது என்றே சொல்லலாம். ஏழு வருசத்துக்கு முன்னால், அவன் கல்லூரியில் படித்தபோது, மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்களில் அவனும் ஒருவன். பெரியவர்கள் காட்டையும் மாட்டையும் பார்த்தார்கள். கிணற்றில் தண்ணீர் பளபளவென்று கிடந்தது. அது உப்பு என்று யாரும் சொல்லவில்லை. அம்மா மட்டும் அவன் காதில், "சமையக்கட்டுல தண்ணி இருக்குதான்னு பாத்துட்டு வா சாமி" என்றாள். அவன் போய்ப் பார்த்தான். சுவரோரம் குடங்கள் தளும்பத் தளும்ப வரிசையாக நின்றன. ஒன்றில் 'உண்ணாமலை' என்று பேர் வெட்டியிருந்தது, இன்னொன்றில் 'அத்தாயி'. வீட்டில் பெண்கள் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். திரும்பி வந்து, "நெறைய இருக்குதுங்கம்மா" என்றான். அம்மா நிம்மதியாகத் தலையாட்டினாள்.

ஆடிக்கு ஊருக்கு வந்த வசந்தாமணி அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். தண்ணியில்லாத ஊர் என்று பேர் வாங்கியதால் புதூருக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை. அதனால் ஊருக்குள் ஒரு ஏற்பாடு. எந்த வீட்டுக்குப் பெண் வீட்டார் வந்தாலும், தெருவே தன் தண்ணீரைக் கொண்டுவந்து அந்த வீட்டில் வைத்துவிடும். வந்தவர்கள் போனதும் அவரவர் குடத்தை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். "அன்னிக்கு நீங்க பாத்த தண்ணி பூராவும் ஊருத் தண்ணிங்ணா" என்று சொல்லிச் சிரித்தாள். நல்ல தண்ணீருக்கு இரண்டு மைல் போக வேண்டும், போக இரண்டு வர இரண்டு என்று நாலு மைல். வாய்க்காலைப் பார்த்து வளர்ந்தவள். அந்தப் பத்து நாளும் கை விரல் சுருங்கிப்போகும் வரை வாய்க்காலிலேயே நின்றாள். அம்மா சிரிக்கவில்லை. ராசப்பனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்கு வெகுநாள் உறுத்தியது.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை புதூர் முறை வந்தது. கிளம்பும்போது வீரபாகு, "நானும் வர்றேன், இன்னைக்கு உங்க வேலையைப் பாக்கலாம்" என்று ஜீப்பில் ஏறி முன்னால் உட்கார்ந்துகொண்டார். தங்கை 'அண்ணா' என்று கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்பது ஒன்றுதான் அப்போது ராசப்பனுடைய கவலை.

புதூர்த் தெருவில் இறங்கியதும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. மழை பெய்யாத வருசத்தில், தலை வாரக் கூடத் தண்ணீர் தொட்டுக்கொள்ள யோசிக்கிற ஊரில், மண் வாசம் வந்தது. தாலுகா ஆபீசில் விசாரித்துக்கொண்டு வந்த தலையாரி ஆண்டி, இரண்டு நாள் முன்பே ஊருக்குள் சேதி சொல்லியிருந்தார். ஜீப் வருகிறது, வீட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், வருகிறவர் வேறு யாருமில்லை, நம்ம சின்னுசாமி மச்சான். இதைவிடத் தெளிவாக ஊருக்கு என்ன சொல்ல வேண்டும். பெண் கொடுத்த வீட்டிலிருந்து ஆள் வருகிறது.

முதல் வீட்டில் ஒன்பது குடம். இரண்டாவது வீட்டில் பதினொன்று. வீரபாகு ஷூவைக் கழற்ற மனமில்லாமல் வாசலிலேயே நின்று, "எத்தனை?" என்று கேட்டுத் தானும் குறித்துக்கொண்டார். ராசப்பன் இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு வாய் குடித்தான். நல்ல தண்ணீர். எங்கிருந்தாவது லாரியில் கொண்டுவந்து கொடுத்திருப்பார்களோ என்றுகூட நினைத்தான்.

மூன்றாவது வீட்டுச் சமையலறையில் அந்தப் பித்தளைக் குடத்தைப் பார்த்தான். வாய்க்குக் கீழே ஓர் ஒடுக்கு. கல்யாணத்துக்கு மறுநாள் சீர்ச் சாமான் ஏற்றிய பஸ்ஸின் கூரையிலிருந்து அவன் கை தவறித்தான் அது கீழே விழுந்தது, ஒடுக்கும் அவனால்தான் விழுந்தது. அம்மா சேலம் கடை வீதியில் நின்று பேர் வெட்டி வாங்கிய குடம். குனிந்து பார்த்தான். 'மோ.ம. வசந்தாமணி' என்று புள்ளிப் புள்ளியாக இருந்தது. அது அத்தாயி வீடு. குடத்துக்குள் தண்ணீர் இன்னும் ஆடி அடங்கவில்லை. கீழே புழக்கடைக் கதவு வரைக்கும் ஈரக் கால்தடம் போயிருந்தது.

எல்லாம் விளங்கிவிட்டது. அவன் முன்வாசல் வழியாக ஒரு வீட்டை விட்டு வெளியே வருவதற்குள், பெண்கள் புழக்கடை வழியாக அதே குடங்களை அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். 

"ராசப்பன், எத்தனை?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

இதுதான் நேரம். 'சார், இது இந்த வீட்டுக் குடம் இல்லை' என்று ஒரு வாக்கியம் போதும். எப்படித் தெரியும் என்று கேட்பார். பேர் வெட்டியிருக்கிறது. யார் பேர்? என் தங்கை பேர். தங்கையா, இந்த ஊரிலா, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே? அவனுடைய மூளை அந்தக் கேள்விகளை ஒரு நொடியில் வரிசையாகப் போட்டுக் காட்டிவிட்டது. நாக்கு அதற்கு முன்பே முடிவு செய்திருந்தது.

"பத்து சார்" என்றான்.

நாலாவது வீடு வசந்தாமணியுடையது. அவளுடைய மாமியார் செல்லியம்மாள் வாசலில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். சின்னுசாமி கை கட்டி நின்றான். யாரும் உறவு சொல்லிக் கூப்பிடவில்லை. ஆபீசர் முன்னால் அவனுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று அவர்களாகவே தீர்மானித்திருந்தார்கள். அந்த மரியாதை அவனைக் கூச வைத்தது. உள்ளே போனால், வசந்தாமணி மூச்சு வாங்க நின்றாள். புடவையின் இடுப்புப் பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. ஒடுக்கு விழுந்த குடம் அவளுக்கு முன்பே அங்கு வந்து உட்கார்ந்திருந்தது.

"நெறைய எழுதுங்ணா" என்று கிசுகிசுத்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு. "ஊருக்கு நல்ல பேரு வரோணும். பதினோரு பசங்க பொண்ணு கெடைக்காம நிக்கறானுங்க."

அவளுக்கும் அவனுக்கும் நடுவே இரண்டு முழ தூரம். வாசலில் நிற்பவருக்குக் கேட்காமல், 'குழாய்க்குத்தான் எண்ணுகிறோம், மற்ற வீடுகளில் குடத்தை எடுத்துவிடச் சொல்' என்று சொல்லியிருக்கலாம். இன்னும் ஆறு வீடு பாக்கி. அவள் சிட்டாகப் பறந்து போய்ச் சொல்லியிருப்பாள். அவன் டம்ளரில் மொண்டு ஒரு வாய் குடித்தான். மூன்று வீட்டிலும் குடித்த அதே தண்ணீர்.

"பன்னெண்டு சார்" என்று வாசலைப் பார்த்துச் சொன்னான்.

பத்து வீட்டிலும் குடித்தான். ஆறாவது வீட்டிலும் ஒன்பதாவது வீட்டிலும் தங்கையின் பேரைப் படித்தான். கடைசி வீட்டில் மாரக்காள் என்ற கூலிக்காரப் பெண், தூக்கிக்கொண்டு ஓடிய அலுப்பில் சுவரோரம் சாய்ந்து நின்றாள். அவனைப் பார்த்ததும் நிமிர்ந்து, "குடிங்க சாமி, நல்ல தண்ணி" என்றாள்.

அன்று மாலை ஆபீசில் படிவத்தை நிரப்பினான். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு வரி காலியாக இருந்தது. பேனாவை அதன் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கீழே சைக்கிள் கடைக்காரன் டியூபில் பஞ்சர் ஒட்டித் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வீரபாகு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "குறிப்பு ஏதாவது இருக்கா?" என்றார். "ஒண்ணுமில்லை சார்" என்று அந்த வரியில் ஒரு கோடு இழுத்தான். நேராகத்தான் இழுத்தான். பின்னால் நினைத்துப் பார்க்கும்போது அதுதான் அவனுக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

கல்லாங்காட்டுப்புதூர் இருபத்து மூன்றாவது இடத்தில் வந்தது. ஒரே ஓர் ஊர் வித்தியாசம்.

அப்போதுகூட எல்லாம் முடிந்துவிடவில்லை. சித்திரையில் மெட்ராஸில் ஒரு சர்க்கார் கட்டடத்தில் அறிக்கையைப் படித்துக் காட்டினார்கள். மேலே நாலு மின்விசிறி சுற்றியும் எல்லாருக்கும் வியர்த்தது. வீரபாகு கொடுத்த டையை ராசப்பன் முதல் தடவையாகக் கட்டியிருந்தான். வயதான இன்ஜினியர் ஒருவர் மட்டும் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். "இந்தப் புதூரை எனக்குத் தெரியும். இருபது வருசத்துக்கு முன்னாடி அங்க போர் போட்டுப் பார்த்திருக்கேன், அத்தனையும் உப்பு. இது எப்படி இருபத்து மூணுக்குப் போச்சு?"

வீரபாகு திரும்பி, "எங்க ஃபீல்டு ஆபீசரே அந்தப் பக்கத்துப் பிள்ளைதான். அவரே சொல்லட்டும்" என்றார் பெருமையாக.

ராசப்பன் எழுந்து நின்றான். அந்தக் கிழவர் கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. இவன் சரியாகச் சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்த பார்வை.

"நேர்ல எண்ணினேன் சார். பத்து வீட்டுலயும் குடிச்சுப் பார்த்தேன். நல்ல தண்ணி."

சொன்னதெல்லாம் உண்மை. கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வெளியே வந்ததும் வீரபாகு அவன் முதுகில் தட்டினார். மறு வாரம் வேலை நிரந்தரமான உத்தரவு வந்தது. அம்மா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் மூன்று வருசம் அவன் புதூருக்குப் போகவில்லை. வேலை வேலை என்றான். நிஜமாகவே வேலை இருந்தது. அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு குடோன், மேட்டூர்ப் பக்கம் ஒரு மீன் பண்ணை. நீலப் புத்தகங்கள் அலமாரியில் கூடிக்கொண்டே போயின. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் குடத்தில் வெட்டியிருக்கும் பேரைப் படிக்காமல் அவனால் இருக்க முடியவில்லை. அது ஒரு வியாதி மாதிரி ஒட்டிக்கொண்டது.

எண்பத்தாறில் சின்னுசாமி ஒரு கார்டு போட்டிருந்தான். நம்ம காட்டு வழியாகக் குழாய் பதிக்கிறார்கள், சந்தோசமாக இடம் விட்டுக்கொடுத்தோம், இப்போது இது அடுத்த ஊருக்குப் போகிறது, புதூருக்கு இல்லை என்கிறார்கள், மச்சான் ஒரு எட்டு வந்து விசாரித்துச் சொன்னால் தேவலை என்று எழுதியிருந்தது. இனியும் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கி நடந்தான்.

சின்னுசாமியின் சோளக்காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு பள்ளம் போனது. உள்ளே கறுப்புக் குழாய் கிடந்தது. கான்ட்ராக்டரின் ஆட்கள் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தார்கள். சின்னுசாமி அவர்களோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தவன், "வாங்க மச்சான், ஊட்டுக்குப் போங்க, பின்னாலயே வாரேன்" என்றான். குரலில் ஒரு குறையும் இல்லை.

வீட்டில் வசந்தாமணி தனியாக இருந்தாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவன் வாங்கி வைத்துக்கொண்டானே தவிரக் குடிக்கவில்லை. மூன்று வருசத்தில் அவளுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ஏனுங்ணா, அன்னிக்கு நீங்க வந்து எண்ணிட்டுப் போனது இதுக்குத்தானுங்களா?"

"ஆமா அம்மிணி."

"தண்ணி இருக்கற ஊருன்னு எழுதிட்டாங்களா?"

"நாந்தான் எழுதுனேன்."

அவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அடக் கடவுளே. நாந்தானுங்ணா ஊடூடாப் போயிச் சொன்னேன். எங்கண்ணன் வர்றாங்க, வெறுங்கொடத்தைப் பாத்துட்டுப் போயிச் சொன்னா எங்கம்மா வெசனப்படும்னு நாந்தான் அல்லாத்துகிட்டயும் கேட்டேன். ஊரு வாயில மண்ணைப் போட்டுட்டனே."

அதோடு விட்டிருக்கலாம். பழி தானாகவே அவள் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. இவன் பேசாமல் இருந்தால் போதும், பேசாமல் இருப்பதில்தான் இவனுக்கு நல்ல பழக்கம் ஆயிற்றே. ராசப்பன் பேசாமல்தான் இருந்தான். அவள்தான் அழுகைக்கு நடுவே சட்டென்று நிமிர்ந்தாள்.

"கொடத்துல என் பேரு வெட்டியிருக்குமே. ஊட்டுக்கு ஊடு அதே கொடந்தானே வந்துச்சு. நீங்க பாக்கலீங்களா?"

செம்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பாத்தேன். மூணாவது ஊட்டுலயே பாத்துட்டேன்."

"பாத்துமா?"

அந்த ஒரு கேள்விக்கு அவன் நிறையப் பதில் சொன்னான். கையெழுத்து, நிரந்தரமாகாத வேலை, வாசலில் நின்ற மேனேஜர், முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்ற விதி. சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் சின்னதாகிக்கொண்டே போனது. மெட்ராஸில் அந்தக் கிழவர் கேட்டதைச் சொல்ல ஆரம்பித்தான், முடிக்கவில்லை. வசந்தாமணி அவனைத் திட்டவில்லை. புதிதாக யாரையோ பார்ப்பது போல ஒருமுறை பார்த்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. சின்னுசாமியும், அவனோடு மாரக்காளும் இன்னும் இரண்டு பெண்களும். செல்லியம்மாளும் பின்னால் வந்தாள். ஆபீசர் வந்திருக்கிறார், நியாயம் கிடைக்கும் என்று வந்திருந்தார்கள்.

"ஏனுங்க சாமி, கொழாயி நம்மூருக்கு இல்லியாமா? அன்னிக்கு வந்து அத்தனையும் எண்ணிட்டுப் போனீங்களே?" என்றாள் மாரக்காள்.

ராசப்பன் எழுந்தான். சொல்லிவிடத்தான் எழுந்தான் என்று பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான். அவன் வாயைத் திறப்பதற்குள் வசந்தாமணி முன்னால் வந்து நின்றாள்.

"எங்கண்ணன் நம்மூருக்குத்தான் எழுதிக் குடுத்தாங்க. மெட்ராசுல இருக்கறவிங்க மாத்திப்புட்டாங்களாமா. அதைத்தான் சொல்லிச் சங்கடப்பட்டுட்டு இருந்தாங்க."

ஒரு பிசிறும் இல்லாமல் சொன்னாள். அன்றைக்கு அண்ணன் கண்ணில் வெறுங்குடம் படக் கூடாது என்று தெருவெல்லாம் ஓடியவள், இன்றைக்கு ஊர் கண்ணில் அவன் வெறுங்குடமாகத் தெரியக் கூடாது என்று நின்றாள். செல்லியம்மாள், "அதானே பாத்தேன், நம்ம புள்ளை எழுதாம இருக்குமா" என்றாள். சின்னுசாமி பெருமூச்சு விட்டு, "மேல இருக்கறவன் வெச்சதுதான் சட்டம்" என்றான்.

மாரக்காள் அவனருகில் வந்தாள். "வெசனப்படாதீங்க சாமி. நீங்க என்ன பண்ணுவீங்க, எழுதத்தானே முடியும்?"

எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். வசந்தாமணி மட்டும் பார்க்கவில்லை.

"ஆமாங்க" என்று ராசப்பன் தலையாட்டினான்.

வசந்தாமணி உள்ளே போய் ஒடுக்கு விழுந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "சோறாக்கத் தண்ணி பத்தாது. நானும் மாரக்காளும் போயிக் கொண்டாந்தர்றோம். இருந்து சாப்புட்டுட்டுப் போங்க" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. 'அண்ணா' என்ற சொல் அதில் இல்லை என்பதை அவன் மட்டும் கவனித்தான்.

அவர்கள் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. ராசப்பன் அதுவரை காத்திருந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினான்.